மூன்றாம் சுங்க அதிகாரி

கோப் கடை வாசலில்
பூனை தொலைந்த அறிவித்தலுக்குக் கீழே
ஒட்டியிருந்தது:
கோடைகால இசை நாடகம். பாடுவோர் தேவை.
அனுபவம் வேண்டாம். மழைக்கோட்டு வேண்டும்.

மழைக்கோட்டு என்னிடம் இரண்டு இருந்தது.

டீசன்ஹோஃபனில் ரைன் நதி
இரண்டு நாடுகளில் தோள் உரசிப் போகும்.
மேலே கூரை போட்ட மரப்பாலம்.
அக்கரையின் பெயர் ஜெர்மனி.
அங்கே கோழி மலிவென்று
சனிக்கிழமைகளில் ஊரே பாலம் கடக்கும்.

நாடகமும் அதைப் பற்றித்தான்:
அந்தக் காலத்தில் படகில் கோப்பி கடத்தியவர்கள்,
அவர்களைப் பிடித்தவர்கள்,
பிடித்தவரின் மகளுக்குக் கடிதம் எழுதிய ஒருவன்.
வேடம் பிரிக்கும் நாளில் கோர்டுலா
கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள்:
"உன் குரல் தடிப்பு, தவமலர்.
நீ மூன்றாம் சுங்க அதிகாரி."

பித்தளைப் பொத்தான் எட்டு.
காது வரை இறங்கும் தொப்பி.
கூட்டமாய்ப் பாட நாலு வரி.
தனியே சொல்ல ஒரே ஒரு சொல்:
"பப்பீரே!"
கடதாசியை எடு, என்பது பொருள்.

தீயணைப்பு நிலையத்தில் ஒத்திகை.
ஏழு வருடம் நான் "நீங்கள்" என்று பயந்து கதைத்த
பாடசாலை அதிபர் இரண்டாம் அதிகாரி;
அவரை "நீ" என்று கூப்பிட
வாய்க்கு மூன்று வெள்ளிக்கிழமை பிடித்தது.
கடத்தல்காரன், குழாய் திருத்தும் கஸ்பார்.
எங்கள் வீட்டுக் குளியலறை அடைப்பை எடுத்தவர்.

"இன்னும் சத்தமாக!" என்பாள் கோர்டுலா.
"பின்வரிசையில் செவிடர் இருப்பார்கள்!"
வீட்டில் உடுப்பு அழுத்தியபடி கத்தினேன்.
"பாஸ்போட் அலுமாரிக்குள்ள" என்று
குளித்துக்கொண்டே பதில் சொன்னார் மனுசன்.
"'ப'வில காத்துக் காணாது, அம்மா" என்றான் மகன்.

மூன்றாம் இரவு
இடைவேளைக்கு முன்னால் மழை வந்தது.
வயலின்களைத் தார்ப்பாய்க்குள் கொண்டு ஓடினார்கள்.
மின்சாரத்தை யாரோ பிடுங்கினார்கள்.
ஒலிவாங்கி செத்தது.
பார்க்க வந்த முந்நூறு பேரும்
பிளாஸ்டிக் உறைக்குள், எழும்பாமல்.

கஸ்பார் மூட்டையோடு கரையேறினார்.
என் முறை.
கத்தத்தான் வாய் திறந்தேன்.

கியாசோவில், பாரஊர்தியின் பின்கதவைத் திறந்து
என்னைப் பிடித்தவர் கத்தவில்லை.
கை நீட்டினார்.
நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன.

நானும் கை நீட்டினேன்.
"பப்பீரே," என்றேன்,
நேரம் கேட்பது போல.

கஸ்பாருக்கு அங்கே ஒரு பகிடி வசனம் உண்டு.
சொல்லவில்லை.
மழை காற்சட்டைக்குள் கையை விட்டு,
அடுத்த பையையும் துழாவி,
மார்பைத் தட்டிப் பார்த்து,
கடைசியில் ஒரு துண்டை நீட்டினார்:
கோப் பற்றுச்சீட்டு.
லீக்ஸ், பற்றரி இரண்டு, பாதி விலையில் பாண்.
மை கரையும் மட்டும் அதை வாசித்தேன்.

பிறகு,
ஏனென்று எனக்கும் தெரியாது,
"போகலாம்" என்றேன்.

அவரைப் பிடிக்காவிட்டால்
இரண்டாம் பாகமே கிடையாது.
சிறையில்லை, கடிதமில்லை, கல்யாணப் பாட்டில்லை.
புதர்ப் பக்கம் கோர்டுலாவின் குடை
ஒருமுறை திறந்து மூடியது.
அதிபர் தன் தொப்பிக்குள் ஒளிந்தார்.

நாலடி போன கஸ்பார் நின்றார். திரும்பினார்.
இரண்டு கையையும் சேர்த்து என்னிடம் நீட்டி,
"மன்னியுங்கோ, அதிகாரி,
நான் பிடிபட மறந்து போனேன்."

முந்நூறு பிளாஸ்டிக்கும் ஒன்றாய்ச் சலசலத்தது.
அப்படியொரு சிரிப்பை
அந்த ஆற்றங்கரையில் நான் கேட்டதில்லை.

"நாளைக்குக் கைது செய், சரியா?" என்றாள் கோர்டுலா.
தலையைத் துடைத்தபடி
அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

மிச்சம் ஆறு இரவும் ஒழுங்காய்க் கைது செய்தேன்.
சத்தமாகத்தான். பின்வரிசைக்கும் கேட்டதாம்.

உடுப்பைத் திருப்பிக் கொடுத்த அன்று
பொத்தான்களை எண்ணினார்கள்: எட்டு, சரி.
சட்டைப்பையை ஒருவரும் பார்க்கவில்லை.
பார்த்திருந்தாலும் வெறுமைதான்.
அந்தச் சீட்டை
பாஸ்போட்டோடு வைத்திருக்கிறேன்.